யாருடைய படம்?

அன்புள்ள ஐயா,

மதுரையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். சென்ற மாதம் அலுவலக நண்பர்களோடு நகருக்கு வெளியே உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஓவியப் பட்டறை நடத்தினோம். ‘என் கனவு’ என்று தலைப்புக் கொடுத்தோம். முக்கால்வாசிப் பேர் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை என்று வரைந்து நீட்டினார்கள். ஒரு பையன் மட்டும் தாள் முழுவதும் கறுப்பு கிரையானைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். உடன் வந்தவர் ‘மனக்காயம்’ என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நல்ல படங்களைப் பொறுக்கி அலுவலகக் காலண்டர் போடலாம் என்று இப்போது பேச்சு நடக்கிறது. எனக்கோ வரையவே தெரியாது. மறுபடி போவதில் பொருள் உண்டா? போனால் என்ன சொல்லிக்கொடுப்பது?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

போங்கள். வரையத் தெரியாதது இந்த வேலைக்கு ஒரு குறையே அல்ல. நன்றாக வரைகிறவர்கள்தான் கை துறுதுறுத்துப் பிள்ளையின் பென்சிலை வாங்கிவிடுவார்கள். ஒரு யானை வரைந்து கொடுத்தால் போதும், ‘அக்கா, எனக்கு’ என்று ஒரு கூட்டமே சுற்றி நிற்கும். பட்டறை அத்தோடு முடிந்தது. ‘தும்பிக்கை எங்கே தொடங்கும்?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

அந்த இரண்டு மலைக்காக வருத்தப்பட வேண்டாம். நம் ஊரில் வெளியாள் யார் வந்து ‘படம் வரை’ என்றாலும் கிடைக்கும் விடை அது. ஒத்தக்கடையில் யானைமலை நீட்டிப் படுத்துக் கிடக்கிறது. முக்கோணமும் இல்லை, இரட்டையும் இல்லை. அதைத் தினமும் பார்க்கிற பிள்ளையும் கூர்முனை மலை இரண்டைத்தான் வரையும். அதைக் கற்பனை வறட்சி என்று சொல்ல மாட்டேன். பெரியவர்களிடம் எதை நீட்டினால் வம்பில்லை என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். தவிர, முதல் நாள் பார்க்கிற ஒருவர் கேட்டால் நீங்கள் உங்கள் கனவைச் சொல்லிவிடுவீர்களா? காலையில் குழாயடியில் நின்ற வரிசையைக் கேளுங்கள். மொட்டைமாடியிலிருந்து என்னவெல்லாம் தெரியும் என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்றாக இருக்கட்டும்.

ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் தாளின் அடியில் ஒரு தரைக்கோடும் உச்சியில் ஒரு நீலப் பட்டையும் போட்டு, நடுவே வெள்ளையாக விட்டுவிடுவார்கள். வீட்டைவிட அம்மா உயரமாக நிற்பாள். ஓவியக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் வெளியிட்ட நூலில் இதை வளர்ச்சியின் ஒரு கட்டமாகவே விவரிக்கிறார். வானத்தைக் கீழே இறக்கிக் காட்டப் போகாதீர்கள்.

கறுப்புத் தாளுக்கு வருகிறேன். அந்தப் பையனிடம் யாராவது பேசினீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. பெட்டியிலேயே அழுத்தமாகப் பதிகிற குச்சி கறுப்புதான், அதைத் தேய்ப்பது சுகமான வேலை. இரவை வரைந்திருக்கலாம். வண்ணத்தின் மேல் கறுப்புப் பூசி ஆணியால் கீறினால் கோடுகள் மின்னும் என்று பள்ளியில் பார்த்துவிட்டு, அதைச் செய்து பார்த்திருக்கலாம். துயரமாகவும் இருக்கலாம். ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு உங்கள் நண்பர் எப்படித் தீர்ப்புச் சொன்னார்? ‘இதைப் பற்றிச் சொல்கிறாயா?’ என்று கேளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அவனாகவே வாய்திறந்து கவலைப்படும்படி ஏதாவது சொன்னால், இல்லத்துப் பொறுப்பாளரிடம் தனியாகத் தெரிவியுங்கள்.

வியன்னாவில் பிறந்து, ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற யூத ஓவியரை நாஜிகள் 1942 டிசம்பரில், யூதர்களை அடைத்துவைத்த தெரேசின் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தார். தாள் கிடைக்காமல், எழுதித் தீர்ந்த படிவங்களின் பின்பக்கங்களில்கூட வரைய வைத்தார். அந்த நெருக்கடியிலும் வரைந்தவர் பெயர் படத்தில் இருக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு பெட்டிகளில் மிஞ்சிய ஏறத்தாழ 4,500 படங்கள் இன்று பிராகின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. நீங்கள் பார்த்த இல்லத்தை அந்த முகாமோடு ஒப்பிடுவதாக எண்ண வேண்டாம். படம் வரைந்தவருடையது என்பதை இவ்வளவு பிடிவாதமாகக் காத்த இன்னொரு ஆசிரியரை எனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

ஆகவே காலண்டர் எனக்குப் பிடிக்கவில்லை. ‘நல்ல படம்’ என்று நீங்கள் பன்னிரண்டைப் பொறுக்கினால் மற்றவர்களுக்கு என்ன பதில்? போட்டே தீருவார்கள் என்றால், ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டு, நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுங்கள். ‘மாட்டேன்’ என்று சொன்னவரை விட்டுவிடுங்கள். பெயர் அவர்கள் கையில் உள்ள தாளில் இருக்கட்டும், அச்சில் வேண்டாம். குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளை அடையாளம் காட்டும் பெயரையோ புகைப்படத்தையோ ஊடகங்களில் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 74, தடுக்கிறது. முகம் தெரியும் புகைப்படங்களை உங்கள் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றியிருந்தால் இன்றே எடுக்கச் சொல்லுங்கள்.

தீபாவளிக்கும் சுதந்திர தினத்துக்கும் இந்த இல்லங்களில் கேக்கும் கூட்டமுமாக இருக்கும். ஜூன் மாதத்துச் சாதாரணச் சனிக்கிழமையில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மாதம் ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். ஆளுக்கொரு மலிவுப் பெட்டி வாங்காதீர்கள். அந்தக் கிரையானில் மெழுகுதான் அதிகம், வண்ணம் ஏறாமல் வழுக்கும், ஒடியும். அதே பணத்தில் நல்ல ஆயில் பேஸ்டல் கொஞ்சம் வாங்கிப் பொதுவில் வைத்தால் போதும். கிளம்பும்போது அவற்றைப் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வர அனுமதி கேளுங்கள். பல இடங்களில் விருந்தாளிகள் போனதும் எல்லாம் அலுவலக பீரோவுக்குள் போய்விடும்.

நிறுவனத்தின் பெயர் போட்ட பேனர் வேண்டாம். அதைக் கட்டி முடிப்பதற்குள் பிள்ளைகள் வரைகிற நேரத்தில் அரை மணி போய்விடுகிறது.