வோபரின் குளிசையால் அம்மாவின் நிறை கூடுமா?

வோபரின் இரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கிற குளிசை; அதால் நிறை கூடுவது வழமையில்லை. இதய வால்வு மாற்றிய உங்கள் அம்மா நிறைக்குப் பயந்து அதை நிறுத்தவே கூடாது. வால்வில் இரத்தம் கட்டிப் பக்கவாதம் வரலாம்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு நடமாட்டம் குறைந்ததுதான் நிறை கூடியதற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதோடு பார்க்க வருகிற சனமெல்லாம் கொண்டுவரும் மோல்ட் மா, பிஸ்கட் வேறு. அட்டெனோலோல் மாதிரி இதயத்துடிப்பையும் பிரஷரையும் குறைக்கிற குளிசையும் சேர்ந்து போகிறதென்றால் அதாலும் கொஞ்சம் கூடலாம்.

ஆனால் கூடியது கொழுப்பா, நீரா என்று முதலில் பாருங்கள். காலையில் சலம் போன பிறகு, தேத்தண்ணி குடிக்க முன், ஒரே தராசில் நிறுங்கள். கணுக்காலுக்கு மேலே எலும்பின்மேல் பெருவிரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். பள்ளம் அப்படியே நின்றால் அது நீர். மூன்று நாளுக்குள் 2 கிலோ கூடினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி நோகிறதென்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

எனக்குப் பயமாக இருப்பது நீங்கள் எழுதிய மற்ற விஷயம்: சோற்றைக் குறைத்துத் தினமும் முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல். கீரையில் விற்றமின் கே அதிகம், திடீரென்று கூட்டினால் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் அளவு) இறங்கிவிடும், இரத்தம் கட்டும் ஆபத்து கூடும். கீரையை விடச் சொல்லவில்லை, கிழமைக்குக் கிழமை அளவு மாறாமல் இருக்கட்டும். சாப்பாட்டை மாற்றியதைக் கிளினிக்கில் சொல்லி ஐ.என்.ஆரை முந்திப் பாருங்கள். மெலிய வைக்கும் மூலிகைத் தூள் ஒன்றும் வேண்டாம்.