வெயிட் மெஷின் நகராத மூன்று வாரம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 49 வயது. மாதவிடாய் நிற்கும் கட்டம். மூன்று மாதத்துக்கு முன் 78 கிலோ இருந்தேன். தினமும் 45 நிமிடம் நடக்கிறேன், இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். முதல் இரண்டு வாரத்தில் இரண்டரை கிலோ இறங்கியது. அடுத்த பத்து வாரத்தில் ஒன்றரை கிலோதான். காலையும் மாலையும் ஏறிப் பார்க்கிறேன், மூன்று வாரமாக 74-லேயே நிற்கிறது. ‘இந்த வயசில் மெட்டபாலிசம் படுத்துவிடும்’ என்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரையும் போடுகிறேன். விட்டுவிடலாம் போலிருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

78-இல் 5 சதவீதம் 3.9 கிலோ. சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் மாற்றம் தெரிய ஆரம்பிப்பது ஏறத்தாழ அந்த அளவில்தான். அதை நீங்கள் தாண்டியாயிற்று.

முதலில் போன இரண்டரை கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலும் தசையும் மாவுச்சத்தை கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்கும். அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சாப்பாடு குறைந்ததும் இரண்டும் சேர்ந்து வெளியேறும். பிறகு மெதுவாகப் போன ஒன்றரை கிலோதான் உண்மையான வரவு. வேகம் குறைந்ததாக நீங்கள் நினைப்பது அங்கேதான்.

ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி. தினம் 300 கலோரி குறைத்தால் வாரத்துக்குக் கால் கிலோ சொச்சம் கரையும். ஆனால் உப்பு, தண்ணீர், மலச்சிக்கல் என்று ஒரே நாளில் எடை ஒரு கிலோவுக்கு மேல்கூட ஏறி இறங்கும். அந்த அலைக்குள் கால் கிலோவைத் தேடினால் யாருக்கும் பொறுமை போகத்தான் செய்யும்.

மாலையில் ஏறுவதை விடுங்கள். காலையில் கழிவறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன் ஏறி, எழுதிவையுங்கள். வாரக்கடைசியில் ஏழையும் கூட்டி ஏழால் வகுங்கள். உதாரணத்துக்கு ஒரு வாரம்: 74.0, 74.5, 73.7, 74.2, 74.8, 74.3, 73.9. சராசரி 74.2. அடுத்த வாரம்: 74.3, 73.6, 74.1, 73.8, 74.4, 73.5, 73.6. சராசரி 73.9. முதல் வாரத் திங்கள் 74.0, இரண்டாம் வார வெள்ளி 74.4. அந்த இரண்டை மட்டும் பார்த்தவர் ஏறிவிட்டதென்று அழுவார். உண்மையில் 300 கிராம் இறங்கியிருக்கிறது. மாதவிடாய் ஒழுங்கில்லாத கட்டத்தில் நீர் கோப்பதும் கூடக்குறைய இருக்கும் என்பதால், நான்கு வாரச் சராசரிகளைப் பார்க்காமல் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

கூடவே ஒரு டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளங்கள். வயிற்றை எக்கக் கூடாது.

மெட்டபாலிசக் கதைக்கு வருவோம். ஹெர்மன் பான்ட்சர் குழு 2021-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, உடலளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20-லிருந்து 60 வயதுவரை கலோரிச் செலவு ஏறத்தாழ மாறுவதில்லை. நடுவயதில் குறைவது தசையும் நடமாட்டமும். எடை இறங்க இறங்க உடம்பின் செலவும் கொஞ்சம் குறையும். 78 கிலோவுக்குப் போட்ட கணக்கு 70-க்குப் பொருந்தாது.

உங்கள் திட்டத்தில் எனக்குப் பிடிக்காதது, தசைக்கு ஒன்றுமே இல்லை என்பதுதான். வாரம் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, பத்துப் பத்தாக மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும்; சுலபமாக இருந்தால் நாற்காலியின் உயரத்தைக் குறையுங்கள். தொடங்கிய ஓரிரு வாரம் வலித்த தசை நீர் பிடித்து எடை ஏறலாம். பலர் சரியாக அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் உங்கள் எடைக்குத் தினம் 75 முதல் 90 கிராம் புரதம் தேவை. மூன்று வேளையாகப் பிரித்தால்தான் அது சாத்தியம். இரவை முழுக்கத் தள்ளினால் கஷ்டம்.

இரவுச் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பயம் குறைவு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை என்றால், சாப்பிடாத இரவில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்றிரவு ஏதாவது சாப்பிட்டுவிட்டு, நாளைக்கே டாக்டரைக் கூப்பிட்டு அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.