குறைந்த பணத்தில் சுயாதீனப் படம் எடுக்க எந்த சினிமா கேமரா வாங்கலாம்?

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரன். இதுவரை எடுத்தது இரண்டு குறும்படம், இரண்டும் தோட்டத்துக் கதை. ஒன்றை பிளாக்மேஜிக் பாக்கெட் 4கேவில் எடுத்தேன், மற்றதை சோனி எஃப்எக்ஸ்30இல். ஒன்று இரவல், ஒன்று வாடகை. அதனால் எதற்கும் வக்காலத்து வாங்க வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை.

உங்கள் கதை எந்த நேரத்தில் நடக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. என் முதல் கதை பெரட்டு நேரத்தில், அதாவது விடியுமுன் தோட்டத் தொழிலாளர்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் நேரத்தில் தொடங்கும். நம் ஊரில் காலை ஆறு மணி என்பது நல்ல இருட்டு. செம்பனைக்குள் ஏழரை வரை அப்படித்தான். கேமரா வெளிச்சத்தை எவ்வளவு உணர்கிறது என்பதற்கான எண்தான் ஐஎஸ்ஓ; படம் சுத்தமாக வரும் அளவு அடிப்படை ஐஎஸ்ஓ. பாக்கெட் 4கேவுக்கு அது இரண்டு, 400 மற்றும் 3200. 1250 வைத்தாலே இரண்டாவதற்கு மாறிவிடும். அதனால் 1000இல் தெரிகிற இரைச்சல் (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது)கூட 1250இல் தெரியாது. இது தெரியாமல் முதல் நாள் முழுக்க 1000இலேயே எடுத்துத் தொலைத்தேன். எஃப்எக்ஸ்30க்கு எஸ்-லாக்3இல் (பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறிய படமாகப் பதியும் சோனி முறை) அடிப்படை ஐஎஸ்ஓ 800, 2500.

மதியம் கதை தலைகீழ். கொளுத்தும் வெயிலில் ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/50, லென்ஸ் எஃப் 2.8 என்று வைத்தால் சுமார் 9 ஸ்டாப் வெளிச்சம் அதிகம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் இல்லாமல் வெளியே போகவே முடியாது. இந்த இரண்டு கேமராவிலும் அது உள்ளே கிடையாது, தனியாக வாங்க வேண்டும். 2021இல் வந்த பாக்கெட் 6கே ப்ரோவில் உள்ளேயே இருக்கிறது, விலைதான் கூடும்.

லய வீட்டுக்குள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) எடுத்தபோது டியூப் லைட் பட்டை பட்டையாக ஓடியது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 24 பிரேமில் எடுத்தால் ஷட்டர் கோணத்தை 180இல் விடாமல் 172.8க்குக் கொண்டுவாருங்கள், ஷட்டர் 1/50 ஆகி மின்சாரத்தோடு ஒத்துப்போய்ச் சரியாகிவிடும்.

பாக்கெட் 4கேவின் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. கோயில் காட்சியில் சூடம் ஏற்றிய நேரத்தில் அணைந்துபோனது. பூசாரி இரண்டாவது தடவை ஏற்றித் தந்தார், மூன்றாவது தடவை முறைத்தார். டேட்டாவும் அப்படியே தின்னும். பிளாக்மேஜிக்கின் சொந்தப் பதிவு வடிவமான பிஆர்ஏடபிள்யூவில், 12:1 சுருக்கத்தில் 24 பிரேமுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 100 ஜிபி. நல்லவேளை, யூஎஸ்பி-சி வழியாக சாதாரண எஸ்எஸ்டியிலேயே நேரடியாகப் பதியலாம்.

அடுத்தது ஃபோகஸ். என் கதாநாயகி சொந்த அத்தை. தரையில் டேப் ஒட்டிவைத்தால் அதைத் தாண்டிப் போய்த்தான் நிற்பார். பாக்கெட்டில் ஆளைத் தொடர்ந்து பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் கிடையாது, பாதி டேக் மங்கல். எஃப்எக்ஸ்30 அத்தையின் கண்ணைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அதனால் ஒற்றை ஆளாக எடுக்கிறீர்கள் என்றால் எஃப்எக்ஸ்30. ஃபோகஸ் இழுக்க ஒரு நண்பர் இருந்து, நிறம் திருத்துவதில் உங்களுக்கு ஆசையும் இருந்தால் பாக்கெட் 4கே. புதிதாக வாங்கினால் எடிட்டிங்கும் நிறத்திருத்தமும் செய்யும் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ கூடவே வரும். பழையது என்றால் அந்த உரிமம் இன்னும் விற்பவர் கையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

எதை வாங்கினாலும் மைக்குக்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள். என் முதல் படத்தில் தகரக் கூரை மழைச் சத்தம்தான் தெளிவாகக் கேட்கும், அத்தை பேசுவது கேட்காது.