வகுப்பு வேண்டாம், அத்தோ பிசையச் சொல்லுங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. தட்டில் காய் இருந்தால் பொறுக்கி ஓரம் கட்டிவிடுவாள். 'சமையல் விளையாட்டில் ஆரோக்கியப் பாடம்' என்று பள்ளி வாசலில் நோட்டீஸ் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்கு 3,000 ரூபாய். சேர்க்கலாமா?
– ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம்மா. அந்தப் பணத்துக்குக் காய் வாங்குங்கள். இப்படி வரும் வகுப்புகளில் பல, கடைசி நாளில் ஒரு சத்துமாவு டப்பாவை உங்கள் தலையில் கட்டத்தான் நடக்கின்றன. டப்பாவில் 'ஹெல்த் டிரிங்க்' என்று இருந்தால் மயங்காதீர்கள். நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது. அந்தத் தலைப்பில் பானங்களைப் போடக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. டப்பாவைத் திருப்பி, சர்க்கரை எவ்வளவு என்று படியுங்கள்.

உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் என்றால் உயிர். அதையே வீட்டில் செய்யுங்கள். வெந்து ஆறிய நூடுல்ஸ், பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், கேரட் துருவல், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், எலுமிச்சை. கையால் பிசைவதுதான் அத்தோவுக்கு அழகு. அந்த வேலை முழுக்க அவளுடையது. கடைக்காரர் கலர்பொடி போடும் இடத்தில் நீங்கள் கேரட் சாறு விடுங்கள். அடுத்த வாரம் பீட்ரூட் சாறு. என்ன நிறம் வரும் என்று பந்தயம் கட்டுங்கள். பிசைந்தவளே முதலில் ருசி பார்த்து, புளி போதுமா என்று சொல்லட்டும். 'உடம்புக்கு நல்லது, சாப்பிடு' என்று மட்டும் வாய் திறக்காதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் சரிவிகித உணவுக்கு சார்ட் ஒட்டி வரச் சொல்கிறார்கள். ராத்திரி உட்கார்ந்து ஒட்டுவது அம்மா. ஒரு கேரட்டைப் பிள்ளை கையில் கொடுக்க எந்தப் பீரியடிலும் நேரமில்லை! எத்தனை வருஷமாகச் சொல்கிறோம், கேட்பாரில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சமைக்கும்போது பச்சை அரிசியை அள்ளி வாயில் போடுகிறாளா? சாக்பீஸ், மண், ஐஸ் கட்டி தின்கிறாளா? அப்படியென்றால் விளையாட்டு போதாது. ரத்தசோகை இருக்கலாம். 'எல்லாப் பிள்ளையும் அரிசி தின்னும்' என்று பாட்டி சொன்னாலும் விடாதீர்கள். அவள் வயதுக்கு ஹீமோகுளோபின் 11.5-க்குக் குறையக் கூடாது. குறைந்தால் இரும்புச்சத்து மருந்தும் பூச்சி மாத்திரையும் டாக்டர் பார்த்துக் கொடுப்பார். நீங்களாக டானிக் வாங்காதீர்கள். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்ப்பார்கள். தனியார் லேபில் 'ஃபுல் பாடி பேக்கேஜ்' என்று தள்ளினால் எழுந்து வந்துவிடுங்கள்.