கண்ணால் எழுதும் கணினி: பெரிய திரையில் குறி ஏன் தவறுகிறது?

கேள்வி: மோட்டார் நியூரான் நோயால் பேச்சு நின்றுபோன அப்பா, ஐ டிராக்கர் (கண் திரையில் எங்கே பார்க்கிறது என்று கண்டறியும் கருவி) மூலம் திரைக் கீபோர்டில் எழுதுகிறார். 24 அங்குல மானிட்டரில் சரியாக இருந்தது. 32 அங்குலம் வாங்கியபின் மேல் மூலைகளில் குறி தள்ளி விழுகிறது. பலமுறை காலிபரேஷன் (திரைப் புள்ளிகளைப் பார்க்கவைத்து டிராக்கரை அவர் கண்ணுக்குப் பழக்குவது) செய்தும் பலனில்லை.

பதில்: முதலில் டேப்பை எடுத்து, கண்ணிலிருந்து திரை எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். பழைய 60 செ.மீ. தூரத்திலேயே அப்பா உட்கார்ந்திருந்தால் கோளாறு அங்கேதான். டிராக்கர் இருப்பது கீழ் விளிம்பில். 32 அங்குலத் திரையின் மேல் மூலையைப் பார்க்கும்போது, பார்வைக் கோடு கேமராவிலிருந்து ஏறக்குறைய 45 டிகிரி விலகிவிடும். 24 அங்குலத்தில் 36தான். விலகல் கூடினால், டிராக்கர் கண்ணில் பாய்ச்சும் அகச்சிவப்பு ஒளியின் பிரதிபலிப்புப் புள்ளி கார்னியாவின் (கண்ணின் முன்புறத் தெளிவான படலம்) ஓரத்துக்கு நகர்ந்து, கண்ணின் வெள்ளைப் பகுதியில் கலைந்துபோகும். காலிபரேஷனில் அந்த மூலைப் புள்ளிகளின் தவறான அளவு மொத்தக் கணக்கையும் கொஞ்சம் இழுத்துவிடும். எத்தனை முறை திரும்பச் செய்தாலும் இது மாறாது.

திரை மூன்றில் ஒரு பங்கு பெரிதானால் தூரமும் அதே அளவு கூட வேண்டும்: 80 செ.மீ. ஆனால் உங்கள் டிராக்கரின் வரம்பையும் பாருங்கள். டோபி ஐ டிராக்கர் 5-க்கு 45 முதல் 95 செ.மீ. தூரம் சரி, ஆனால் 16:9 திரை என்றால் 27 அங்குலம் வரைதான் பரிந்துரை. வரம்பு தாண்டிய திரையில் கீபோர்டை நடுவிலும் கீழ்ப்பாதியிலும் வையுங்கள். மேல் மூலைகளில் எதுவும் வேண்டாம். 80 செ.மீ.யில் 1 டிகிரிப் பிழை என்பது 1.4 செ.மீ.; எனவே பட்டன்கள் 3 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

மானிட்டர் மாறியதை மென்பொருளுக்குச் சொன்னீர்களா? பலரும் விடுவது இதைத்தான். திரை அமைப்புப் பகுதியில், திரையில் தெரியும் கோடுகளை டிராக்கரின் குறிகளோடு பொருத்த வேண்டும். சில கருவிகளில் அகலத்தை மி.மீ.யில் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் காலிபரேஷன்.

முடிந்ததும் நடுவிலும் நான்கு மூலைகளிலும் சிறு ஸ்டிக்கர் ஒட்டி, ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே திசையில் தள்ளினால், டிராக்கரோ உட்காரும் நிலையோ நகர்ந்திருக்கிறது. மூலைகளில் மட்டும் என்றால் கோணம். இடது மேல் மூலையில் சரியாக இருந்து, வலது கீழே போகப் போகப் பிழை வளர்ந்தால் டிராக்கரைக் குறை சொல்லாதீர்கள். விண்டோஸின் 150 சதவீத ஸ்கேலிங்கை (எழுத்தையும் படங்களையும் பெரிதாக்கும் அமைப்பு) புரிந்துகொள்ளாத பழைய செயலியாக இருக்கலாம். 100 சதவீதமாக்கிப் பாருங்கள். குறி நடுங்கினால் ஜன்னல் வெயிலை மறையுங்கள். வெயிலில் அகச்சிவப்பு ஏராளம். எந்த வெளிச்சத்தில் எழுதுகிறாரோ அதே வெளிச்சத்தில் காலிபரேஷன் செய்யுங்கள். கண்ணின் பாப்பா (நடுவிலுள்ள கரிய துளை) சுருங்கி விரியும்போது அதன் மையமும் சற்று நகரும்.

கேள்வி: கண்ணாடியைக் கழற்றிவிட்டு காலிபரேஷன் செய்யலாமா?

பதில்: கண்ணாடி போட்டுத்தான் எழுதுவார் என்றால் போட்டபடியே செய்யுங்கள். லென்ஸில் விழும் ஒளிப்புள்ளி பாப்பாவை மறைத்தால் திரையைச் சில டிகிரி சாயுங்கள். புரோகிரசிவ் லென்ஸ்தான் (மேலிருந்து கீழாகப் பவர் மாறிக்கொண்டே போகும் லென்ஸ்) தொல்லை: மோவாயைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வைக்கும். உங்கள் திரையின் தூரத்தைச் சொல்லி, அதற்கென ஒரே பவர் கண்ணாடி ஒன்று எழுதி வாங்குங்கள்.