எதிர் அணியில் என் தோழி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் என் தோழியும் கல்லூரி நாள்களிலிருந்து ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியாதவர்கள். கடந்த சில ஆண்டுகளாக அரசியலில் இருவரும் நேர் எதிர் நிலையில் நிற்கிறோம். சென்ற மாதம் அவளுடைய கட்சிப் பேச்சாளர் ஒருவர் தொலைக்காட்சியில் பேசிய மோசமான பேச்சை, எங்கள் நண்பர்கள் அனைவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இதற்கு என்ன சொல்லப் போகிறாய்?" என்று கேட்டேன். அவள் அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அவளுடைய ஆட்கள் எல்லோருமே வெறுப்பில் ஊறியவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. "அரசியலைப் பேசாமல் இருந்துவிடு" என்கிறார் என் கணவர். அது கோழைத்தனம் ஆகாதா?

பதில்: உங்கள் கணவர் நல்ல எண்ணத்தோடு சொல்கிறார். ஒரு குடும்ப விழாவுக்கோ ஒரு பயணத்துக்கோ அந்த யோசனை பொருந்தும். ஆனால், ஒருவர் உயிராக மதிக்கும் விஷயத்தைத் தோழியிடம் ஆண்டுக்கணக்கில் மறைத்துக்கொண்டே இருந்தால், அந்த நட்பு நாளடைவில் நலம் விசாரிப்பதோடு நின்றுவிடும். ஆகவே பேசத்தான் வேண்டும். யாரோடு பேசுகிறீர்கள் என்பதை மட்டும் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அன்று குழுவில் நீங்கள் கேட்ட கேள்வி அந்தப் பேச்சாளரைக் கேட்க வேண்டியது. உங்கள் தோழி அந்தப் பேச்சை ஏற்கிறாளா என்பதே உங்களுக்குத் தெரியாது. அது அவளுக்கும் அருவருப்பாக இருந்திருக்கலாம்; ஆனால், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் அதை ஒப்புக்கொள்வது தோற்றுப்போவதாக ஆகிவிடும் என்பதால், வாய்மூடி இருப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லாமல் போயிருக்கலாம்.

இந்த இடத்தில் தாகூருக்கும் காந்திக்கும் நடந்த ஒரு கடிதப் போக்குவரத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. 1934 ஜனவரியில் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் அளித்த தண்டனை அது என்று காந்தி பேசியதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. தீண்டாமையை எதிர்ப்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. எனினும், இயற்கையின் சீற்றத்துக்கும் மனிதரின் ஒழுக்கத்துக்கும் முடிச்சுப் போடுவது பகுத்தறிவுக்கு இழைக்கும் கேடு என்று தாகூர் கொதித்தார், உடனே மறுப்பும் எழுதினார். அதை அவர் பத்திரிகைகளுக்கு அனுப்பவில்லை. காந்திக்கே அனுப்பி, செய்தியில் வந்தது நீங்கள் சொன்னதுதானா என்று கேட்டு, ஆமாம் என்றால் இந்த மறுப்பை நீங்களே வெளியிடுங்கள் என்றார். உண்மையில்லாத ஒன்றை வைத்துக் காந்தியைக் குறைகூறத் தாம் ஒருபோதும் விரும்பமாட்டார் என்றும் அந்தக் கடிதத்தில் குறிப்பிட்டார். காந்தி அந்த மறுப்பைத் தம்முடைய 'ஹரிஜன்' இதழில் வெளியிட்டு, தாம் சொன்னதில் உறுதியாக இருப்பதாகப் பதிலும் எழுதினார். இருவரில் ஒருவரும் இம்மியும் இறங்கி வரவில்லை. ஆனாலும், 1940-இல் காந்தி சாந்திநிகேதனுக்கு வந்து திரும்பும்போது, தாம் அங்கே வளர்த்த விஸ்வபாரதி கல்வி நிறுவனத்தைக் காக்கும்படி வேண்டி அவர் கையில் கடிதம் கொடுத்தவர் அதே தாகூர்தான்.

"நீ இதை ஏற்கிறாயா?" என்று தனியாகக் கேட்டிருந்தால் உங்கள் தோழியும் மனம் திறந்திருப்பாள் என்று நினைக்கிறேன். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. குழுவில் கேட்டதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு நேரில் கேளுங்கள். ஏற்கிறேன் என்று அவள் சொன்னால், உங்கள் மறுப்பை முழு வலுவோடு சொல்லுங்கள். நட்புக்காகக் கருத்தின் கூர்மையைக் குறைத்துக்கொள்ளத் தேவையில்லை. பெரியார், ராஜாஜி நட்பைப் போற்றிப் பேசும் நாம், 1953-இல் ராஜாஜியின் கல்வித் திட்டத்தைப் பெரியார் எவ்வளவு கடுமையாக எதிர்த்தார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் விட்டவரும் அதே பெரியார்தான்.

"எல்லோருமே வெறுப்பில் ஊறியவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவின் இரு பெரிய கட்சிகளின் ஆதரவாளர்களிடமும், இஸ்ரேலியரிடமும் பாலஸ்தீனரிடமும் நடத்திய ஓர் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. எங்கள் அணியினரை இயக்குவது எங்கள் மக்கள் மீதுள்ள அன்பு, எதிரணியினரை இயக்குவது எங்கள் மீதுள்ள வெறுப்பு என்றே இரு தரப்பிலும் கூறினார்கள். எதிரணியின் நோக்கத்தைச் சரியாகக் கணித்தால் பணம் உண்டு என்று சொன்னபோது அந்தச் சாய்வு குறைந்தது. அப்படியென்றால், மனம் வைத்தால் நம்மால் சரியாகக் கணிக்க முடியும் என்றாகிறது. உங்கள் தோழி எதைக் கண்டு அஞ்சுகிறாள், யாரைக் காப்பாற்ற நினைத்து அந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதை மற்ற எவரையும்விட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

கேள்வி: நான் பிறந்த சமூகத்தைச் சேர்ந்தவர்களுக்குச் சம உரிமை கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லும் இயக்கத்தில் என் நண்பன் தீவிரமாக இருக்கிறான். கேட்டால், "உன்னைச் சொல்லவில்லை" என்கிறான். இந்த நட்பை நான் காப்பாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. வரி எவ்வளவு, எந்தத் தொழிலை அரசு நடத்துவது, யார் ஆளத் தகுந்தவர் என்பவற்றில் எவ்வளவு கடுமையாகவும் மோதிக்கொள்ளலாம். உங்கள் மனித மதிப்பு அப்படி விவாதத்துக்கு வைக்கும் பொருள் அன்று. "உன்னைச் சொல்லவில்லை" என்னும்போது, உங்களுக்கு மட்டும் விலக்கு அளித்துவிட்டு உங்கள் பெற்றோரையும் பிள்ளைகளையும் அவர் எங்கே நிறுத்துகிறார் என்று ஒருமுறை நேரடியாகக் கேளுங்கள். பதில் சொல்லத் திணறி அவர் யோசிக்கத் தொடங்கினால் காத்திருக்கலாம். சிரித்து மழுப்பினால் விலகிவிடுங்கள். அதற்காக நீங்கள் குற்ற உணர்வு கொள்ளக் காரணமே இல்லை.

கேள்வி: தேர்தல் நேரத்துச் சண்டையில் முறிந்த நட்பு. மூன்று ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. மீண்டும் எழுத ஆசை; எப்படித் தொடங்குவது?

பதில்: சுருக்கமாகத் தொடங்குங்கள், பழைய சண்டையை முதல் கடிதத்தில் தொடாதீர்கள். அமெரிக்க விடுதலைக்குத் தோளோடு தோள் நின்ற ஜான் ஆடம்சும் தாமஸ் ஜெஃபர்சனும் 1800-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் தேர்தலில் மோதிப் பிரிந்தார்கள். தோற்ற ஆடம்ஸ், வென்றவரின் பதவியேற்புக்குக்கூட இருக்காமல் தலைநகரை விட்டுக் கிளம்பிவிட்டார். இருவருக்கும் பொதுவான நண்பரான மருத்துவர் பெஞ்சமின் ரஷ் விடாமல் முயன்றதன் பயனாக, 1812 புத்தாண்டு நாளில் ஆடம்ஸ் ஒரு சிறு கடிதம் எழுதினார். வீட்டில் நெய்த துணி இரண்டு அனுப்பியிருப்பதாக அதில் இருந்தது. தம் மகனின் சொற்பொழிவு நூல்கள் இரண்டைத்தான் அவர் விளையாட்டாக அப்படிக் குறிப்பிட்டிருந்தார். நூல்கள் வந்து சேருவதற்குள் கடிதம் கைக்கு வந்துவிட்டதால், ஜெஃபர்சன் அதை உண்மைத் துணி என்றே எண்ணித் தம் பகுதியின் வீட்டு நெசவைப் பற்றி விரிவாகப் பதில் எழுதினார். அந்தச் சாதாரணப் பேச்சுதான் கதவைத் திறந்தது. அரசியல் பின்னால் வந்தது: ஒருவருக்கொருவர் நம்மை விளக்கிக்கொள்ளாமல் நாம் சாகக் கூடாது என்று ஆடம்ஸ் எழுதியது 1813-இல்.

உங்கள் இருவருக்கும் பொதுவான நண்பர் எவரேனும் இருந்தால், எழுதுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லையென்றால், அரசியலோடு சம்பந்தமில்லாத, அவருக்கு மட்டுமே பயன்படக்கூடிய ஏதேனும் ஒரு செய்தியை வைத்து நாலு வரி எழுதுங்கள். பதில் வர ஒரு மாதம் ஆனாலும், அதற்குள் இன்னொன்று எழுதி அவரை நெருக்காதீர்கள்.