டால்கிலிஷின் ராசியும் பத்தடி கேட்டும்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஸ்காட்லாந்துக் கால்பந்து வீரர் கென்னி டால்கிலிஷ் இருந்த மைதானங்களில் மூன்று முறை பெரும் சாவு விழுந்ததாம், அவர் ராசி அப்படியாம். லிவர்பூலின் பழைய கேப்டன் ஸ்டீவன் ஜெரார்டின் உறவுக்காரப் பையன் அதில் ஒன்றில் இறந்ததாகவும் போட்டிருக்கிறார்கள். இதில் எது உண்மை?

இன்னொன்றும் கேட்க வேண்டும். தை மாதம் ஊரில் எழுவர் கால்பந்துப் போட்டி நடத்துகிறோம். இறுதி ஆட்டத்துக்கு இரண்டாயிரம் பேர் வருவார்கள். சுற்றிலும் காம்பவுண்டு சுவர், பத்தடி கேட் ஒன்றுதான். அதில் ஒரு கதவை மட்டும் திறந்து டிக்கெட் கிழிப்போம். இந்த முறை சவுக்குக் கட்டையில் கேலரியும் போடுகிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று விபத்தும் உண்மை, மூன்றிலும் டால்கிலிஷ் இருந்ததும் உண்மை. 1971 ஜனவரி 2, கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானம், ரேஞ்சர்ஸ், செல்டிக் அணிகளின் ஆட்டம். 66 பேர் இறந்தார்கள். அவர் அப்போது செல்டிக்கில் 19 வயதுப் பையன். அன்று அணியில் இல்லை, பார்வையாளராக இருந்தார். 1985 மே 29, பிரஸ்ஸல்ஸில் ஹெய்சல் மைதானம். 39 பேர் இறந்த பிறகும் ஆட்டத்தை நடத்தினார்கள். லிவர்பூலுக்காக அவர் ஆடினார், யுவென்டஸ் பிளாட்டினியின் பெனால்டியில் வென்றது. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம். அன்று அவர் லிவர்பூலின் மேலாளர். கூட்டம் அமைதியாக இருக்கும்படி மைக்கில் கேட்டுக்கொண்டவரும் அவரே. பிறகு சாவு வீடுகளுக்கும் அடக்கங்களுக்கும் ஓயாமல் போய்வந்தார். 1991 பிப்ரவரியில் பதவியை விட்டு விலகினார்.

ஜெரார்டு விஷயமும் சரிதான். ஹில்ஸ்பரோவில் மாண்டவர்களில் ஆக இளையவன் பத்து வயதுப் பையன், ஜெரார்டுக்கு அண்ணன் முறை. ஜெரார்டுக்கு அப்போது எட்டு வயது. அந்தப் பையனின் நினைவுதான் தன்னை ஓட வைத்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

ராசி என்ற பேச்சுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இருபது ஆண்டு பெரிய அணிகளில் இருந்தவர் பெரிய ஆட்டங்களில் இருப்பார். பெரிய ஆட்டத்துக்குத்தான் பழைய மைதானம் பிதுங்கும். ஐப்ராக்ஸ், ஹில்ஸ்பரோ இரண்டும் 1899-இல் திறந்தவை, ஹெய்சல் 1930. மூன்றிலும் ஆட்கள் செத்தது நின்று பார்க்கும் பகுதிகளிலோ அங்கிருந்து இறங்கும் படியிலோதான்.

ஆட்டக்காரர் தலையில் பழியைப் போடுவது புதிதும் அல்ல. ஐப்ராக்ஸில் கடைசி நிமிடத்தில் செல்டிக்கின் ஜிம்மி ஜான்ஸ்டன் கோல் போட்டார். உடனே ரேஞ்சர்ஸின் காலின் ஸ்டீன் சமன் செய்தார். வெளியே இறங்கிக்கொண்டிருந்தவர்கள் அந்த கோலின் ஆரவாரம் கேட்டுத் திரும்பி ஏறியதால்தான் நெரிசல் என்று காலங்காலமாகச் சொன்னார்கள். விசாரணையில் தெரிந்தது வேறு. எல்லோரும் ஒரே திசையில், கீழ்நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அதுவும் ஆட்டம் முடிந்து சில நிமிடம் கழித்து. 13-ஆம் எண் படிக்கட்டில் யாரோ தடுமாறி விழ, மேலிருந்து வந்தவர்களால் நிற்க முடியவில்லை. இரும்புக் கைப்பிடிகள் வளைந்து மடங்கின. அதே படிக்கட்டில் 1961-இலேயே இரண்டு பேர் இறந்திருந்தார்கள். ஸ்டீன் கோல் போடாமல் இருந்திருந்தாலும் படிக்கட்டு அதே படிக்கட்டுதான்.

கொல்கத்தாவிலும் இதே கதை. 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டம். பிதேஷ் போஸும் திலீப் பாலித்தும் மோதி, இருவருமே வெளியேற்றப்பட்டார்கள். கேலரியில் அடிதடி மூண்டது, 16 பேர் இறந்தார்கள். அந்த மோதலை இன்றும் பேசுகிறார்கள். இரண்டு தரப்பு ரசிகர்களையும் ஒரே கேலரியில் கலந்து உட்கார வைத்ததைப் பேசுபவர்கள் குறைவு.

ஒரு ஆட்டக்காரருக்கும் விபத்துக்கும் உருப்படியான தொடர்பு வேண்டுமென்றால் வில்லி வாடெல்லைச் சொல்லுங்கள். ரேஞ்சர்ஸின் பழைய ஆட்டக்காரர், 1971-இல் அதன் மேலாளர். அடக்கங்களுக்கு ஆட்டக்காரர்களை அனுப்பினார். அதோடு விடவில்லை. ஜெர்மனியின் டார்ட்மண்ட் மைதானத்தை மாதிரியாக வைத்து ஐப்ராக்ஸையே மாற்றிக் கட்ட வைத்தார்.

இனி உங்கள் மைதானம். ஹில்ஸ்பரோவின் கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். அங்கே லெப்பிங்ஸ் லேன் என்ற பக்கத்தில் நின்று பார்க்க 10,100 டிக்கெட். உள்ளே விட ஏழு சுழல் வாயில்கள். ஒரு வாயிலில் மணிக்கு 750 பேர் என்று வைத்தாலும் ஏழிலும் 5,250. அதாவது எல்லோரும் நுழைய இரண்டு மணி நேரம் வேண்டும், கூட்டமோ கடைசி நேரத்தில் வந்தது. வெளியே நெரிசல் தாங்காமல் 2:52-க்குப் பெரிய கேட்டைத் திறந்தார்கள். ஐந்து நிமிடத்தில் சுமார் இரண்டாயிரம் பேர் உள்ளே போனார்கள். எதிரே தெரிந்தது ஒரு சுரங்க வழி. ஆறுக்கு ஒன்று என்ற சரிவு, கீழே கம்பி வேலி போட்டுப் பிரித்த, ஏற்கெனவே நிரம்பிய இரண்டு அடைப்புகள். சுமார் 1,700 பேருக்கே பாதுகாப்பான இடத்தில் 3,000-க்கும் மேல். ஓரத்து அடைப்புகளில் இடம் இருந்தது. அந்தச் சுரங்க வாயிலை அடைத்து ஓரத்துக்குத் திருப்பிவிட ஓர் ஆள் இல்லை. மொத்தம் 97 உயிர். போலீசின் கட்டுப்பாடு தவறியதே முதன்மைக் காரணம் என்றது நீதிபதி டெய்லரின் விசாரணை அறிக்கை. ரசிகர்கள் மேல் குற்றமில்லை என்று 2016-இல் மரண விசாரணை ஜூரியும் சொன்னது.

ஆக, முதல் வேலை உங்கள் கேட். சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம், படியில் 66 என்று பிரிட்டனின் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி கணக்கு வைக்கிறது. பத்தடி கேட் முழுதாகத் திறந்தால் மூன்று மீட்டர், இரண்டாயிரம் பேரும் எட்டு நிமிடத்தில் வெளியே. ஒரு கதவை மட்டும் திறந்தால் பதினாறு நிமிடம். வாசலில் பைக்குகளும் பஜ்ஜிக் கடையும் நின்றால் அந்தக் கணக்கும் போச்சு. டிக்கெட் கிழிக்க ஒரு கதவு போதும், ஆனால் இரண்டாவது கதவின் தாழ்ப்பாளுக்குப் பூட்டு வேண்டாம், பக்கத்திலேயே ஒரு ஆள் நிற்கட்டும். ஆட்டம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போதே இரண்டையும் விரியத் திறந்துவிடுங்கள். தலைமை ஆசிரியர் சம்மதித்தால் எதிர்ப்பக்கச் சுவரில் இன்னொரு வழி எடுப்பது இன்னும் நல்லது.

உள்ளே விட ஒரு வரிசை போதாது. அதே வழிகாட்டிப்படி ஒரு வரிசையில் மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்கிடக் கூடாது, கையால் கிழிக்கும்போது அதுவும் வராது. மூன்று வரிசை, இல்லாவிட்டால் நான்கு. டிக்கெட்டை முந்தைய நாளே ஊரில் விற்றுவிடுங்கள், வாசலில் விற்காதீர்கள். "டிக்கெட் இல்லாமலும் உள்ளே விடுகிறார்கள்" என்ற பேச்சு கிளம்பினால் கேட்டே தாங்காது. 2025 ஜூன் 4 அன்று ஓசூருக்கு அந்தப் பக்கம், பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் 11 பேர் இறந்தது வாசல்களில்தான்.

அடுத்தது தடுப்பு. உங்கள் பக்கம் எருது விடும் விழாவுக்குத் தடுப்புக் கட்டும் ஆளைத்தான் இதற்கும் கூப்பிடுவீர்கள் என்று நினைக்கிறேன். அவர் பழக்கதோஷத்தில் இடுப்புக்கு மேல் சவுக்கை நெருக்கிக் கட்டிவிடுவார். எருதுக்கு அது சரி. கால்பந்தில் தலைகீழ். கூட்டம் திணறினால் ஓட வேண்டிய இடம் ஆடுகளம்தான். ஹில்ஸ்பரோவில் கம்பி வேலி அந்த வழியை அடைத்தது, ஒவ்வொரு அடைப்புக்கும் ஒரு மீட்டருக்குக் குறைவான ஒரே சிறு கதவு. உங்களுக்குக் கயிறு போதும், அறுத்தெறியக்கூடிய கயிறு. கம்பி வலையோ முள்கம்பியோ வேண்டவே வேண்டாம். நிற்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு நாலு பேருக்கு மேல் சேரவிடாதீர்கள். பின்னால் இருப்பவனுக்கு ஆட்டம் தெரியாவிட்டால் முன்னால் தள்ளுவான். அதனால் நாலு வரிசைக்கு மேல் ஆழம் வேண்டாம், மைதானத்தைச் சுற்றிப் பரப்புங்கள்.

கேலரியில்தான் எனக்குப் பயம். ஆட்கள் நிற்கும் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ என்பது நம் நாட்டுக் கட்டுமான விதி. இருபதடி நீளம், எட்டடி அகலம் என்றால் ஏழு டன்னுக்கு மேல். சவுக்கு அந்த எடையைச் செங்குத்தாகத் தாங்கிவிடும். கோல் விழுந்து எல்லோரும் ஒரே நேரத்தில் எம்பிக் குதிக்கும்போது பக்கவாட்டில் ஆடும், அங்கேதான் சரியும். ஒவ்வொரு கால் வரிசையிலும், நீளவாட்டிலும் அகலவாட்டிலும், பெருக்கல் குறி போலக் குறுக்குக் கட்டை வேண்டும். பந்தல்காரர்கள் முன்பக்கத்துக்கு மட்டும் கட்டிவிட்டுப் போவார்கள். தை மாதப் பனியில் நனைந்து வெயிலில் காயும் கயிறு தளரும், ஆட்டத்தன்று காலையில் ஒவ்வொரு கட்டையும் ஆட்டிப் பார்த்து முறுக்குங்கள். காலை மண்ணில் நேராக ஊன்றினால் அமிழும். உங்கள் மாவட்டத்தில் கிரானைட் துண்டுக்குப் பஞ்சமில்லை, ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒன்று வையுங்கள். 2022 மார்ச்சில் மலப்புரம் மாவட்டத்துப் பூங்கோட்டில் செவன்ஸ் ஆட்டத்தின்போது தற்காலிக கேலரி சரிந்து ஏராளமானோர் காயம்பட்டார்கள். கேலரிக்கு அடியில் சிறுவர்களும் சுண்டல் கடையும் இருக்கக் கூடாது. பொதுப்பணித் துறைப் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நெரிசலில் செத்தவர்களில் பலர் மிதிபட்டுச் சாகவில்லை, நின்றபடியே நெஞ்சு அழுந்தி மூச்சு முட்டிச் செத்தார்கள். பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்: மாட்டிக்கொண்டால் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி, மூச்சுவிட இடம் வைத்துக்கொள்ள வேண்டும். தள்ளு வரும்போது எதிர்க்காமல், அது தளரும்போது குறுக்காக ஓரத்துக்கு நகர வேண்டும். சுவர்ப் பக்கம் ஒதுங்கக் கூடாது. செருப்போ செல்போனோ விழுந்தால் குனியக் கூடாது.

கடைசியாக, ஹில்ஸ்பரோவில் ஆட்டத்தை நிறுத்தியது 3:06-க்கு. ஆறு நிமிடம் பந்து உருண்டுகொண்டிருந்தது. உங்கள் மைதானத்தில் மேடையில் ஒருவர், கையில் மைக்கோடு, கூட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். அவர் கை தூக்கினால் நடுவர் விசில் ஊத வேண்டும் என்று காலையிலேயே பேசி வையுங்கள். ஒன்றியச் செயலாளரிடமோ சிறப்பு விருந்தினரிடமோ அனுமதி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.